நம் நேரம் இனாம் இல்லை

ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஒரு கேள்வியை அடிக்கடி கேட்டு வருகிறேன். "உங்களுக்கு என்ன சார் அவசரம்?" பேங்கில் டோக்கன் நம்பர் தாண்டிப் போய்விட்டது என்றால் இதைக் கேட்கிறார்கள். ரேஷன் கடையில் மெஷின் கைரேகையை எடுக்கவில்லை என்றாலும் இதையே கேட்கிறார்கள். இப்போது விமான டிக்கெட் போடும்போதும் இதே கேள்வி வருகிறது. இந்த முறை கேட்பது வேறு யாரும் இல்லை, நாம் பெற்ற பிள்ளைகள்தான். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் காரமாகவே எழுதப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்ல வருவது சுருக்கமாக இதுதான். ஆசியாவுக்குள்ளேயே ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போக, வயதானவர்களை ஒரு நாள் முழுக்க விமான நிலையங்களில் உட்கார வைக்கும் மலிவு டிக்கெட் மலிவே இல்லை. அதன் விலையில் ஒரு பங்கைத்தான் பணமாகக் கட்டுகிறோம். மீதியை முழங்காலாலும் தூக்கத்தாலும் கட்டுகிறோம். அந்த மீதிக்கு ரசீது கிடையாது. ரசீது இல்லாததால் அது இனாம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கிழவன் நேரத்துக்கு விலை இல்லை என்ற இந்த நினைப்புதான் என் எதிரி.

எங்கள் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மகன் ஜப்பானில் ஒசாகாவில் வேலை பார்க்கிறான். திருச்சியிலிருந்து நேரே ஒசாகாவுக்கு விமானம் கிடையாது. நடுவில் ஓர் ஊரில் மாறித்தான் ஆக வேண்டும், அது புரிகிறது. சிங்கப்பூர் வழியாக ஒரே டிக்கெட்டில், மூன்று மணி நேர இடைவெளியில் ஒரு வழி இருந்தது. கோலாலம்பூர் வழியாக இரண்டு நிறுவனங்களின் இரண்டு தனித்தனி டிக்கெட்டுகளைச் சேர்த்து இன்னொரு வழியை ஒரு இணையதளம் காட்டியது. ஆளுக்கு 9,000 ரூபாய் மிச்சம். மகன் போனில் சொன்னான்: "அப்பா, ரெண்டு பேருக்கு பதினெட்டாயிரம் மிச்சம். நடுவுல எட்டரை மணி நேரம் வெயிட்டிங், அவ்வளவுதான். உங்களுக்கு என்ன அவசரம்? ஏர்போர்ட்டைச் சுத்திப் பாருங்க, நல்லாத்தான் இருக்கும்."

அந்த எட்டரை மணி நேரம் எப்படிப் போனது என்று சொல்கிறேன். ராத்திரி ஏழு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினோம். பதினோரு மணிக்கு விமானம். பறப்பது நாலு மணி நேரத்துக்கும் குறைவு. ஆனால் மலேசியா நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். நம் ஊர்க் கணக்கில் விடியற்காலை மூன்று மணிக்குப் போய் இறங்கும்போது அங்கே ஐந்தரை. அந்த ஊர் எழுந்திருக்கிறது, நாம் இன்னும் தூங்கவே இல்லை.

இரண்டு தனி டிக்கெட் என்றால் பெட்டி நேராகப் போகாது. முதல் நிறுவனத்தின் பொறுப்பு கோலாலம்பூரில் முடிந்துவிடும். ஆகவே அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டும். குடியேற்ற வரிசையில் நிற்க வேண்டும். அதற்கு முன்பே இணையத்தில் ஒரு வருகைப் படிவம் நிரப்பியிருக்க வேண்டும். பிறகு பெட்டிகளை எடுத்துக்கொண்டு, சுங்கத்தைத் தாண்டி வெளியே வர வேண்டும். கோலாலம்பூரில் இரண்டு முனையங்கள். 1998ல் திறந்த பழையது ஒன்று, 2014ல் திறந்த மலிவு விமானங்களுக்கான புதியது ஒன்று. நாங்கள் இறங்கியது ஒன்றில், ஏற வேண்டியது மற்றொன்றில். இரண்டுக்கும் நடுவே ரயில் இருக்கிறது. மூன்று நிமிடம், ஆளுக்கு இரண்டு ரிங்கிட். ரயிலைக் குறை சொல்ல மாட்டேன், அருமையான ரயில். ஆனால் அந்த ரயிலைப் பிடிக்கும் வரையிலும் இறங்கிய பிறகும் இரண்டு பெரிய பெட்டி, இரண்டு கைப்பை, மூட்டு வலியோடு ஒரு மனைவி ஆகிய எல்லாவற்றையும் ஒரு தள்ளுவண்டியில் சமாளிக்க வேண்டும்.

என் மனைவிக்கு சக்கர நாற்காலி கேட்டிருந்தோம். விமான வாசலில் நாற்காலி வந்தது. பெட்டி வரும் இடம் வரை தள்ளிக்கொண்டு வந்த பையன் மரியாதையாக நிறுத்திவிட்டு, இதோடு உங்கள் டிக்கெட் முடிந்தது என்று சைகையோடு சொன்னான். அவன் மேல் தப்பில்லை. அவன் சீட்டில் அப்படித்தான் போட்டிருந்தது. இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை, மதியம் இரண்டு மணி விமானத்துக்கு கவுன்டர் திறக்கும் வரை நாங்கள் பயணிகளே இல்லை. முதல் நிறுவனத்துக்கோ நாங்கள் வந்து முடிந்துபோன பயணிகள். ஆக காலை ஏழு மணியிலிருந்து பத்தரை வரை நாங்கள் யாருடைய பொறுப்பிலும் இல்லை. முனையத்தோடு ஒட்டிய ஷாப்பிங் மாலில் பெட்டிகளுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தோம். ஒருவர் கழிப்பறைக்குப் போனால் இன்னொருவர் காவல்.

ஒசாகாவில் இறங்கி மகனைப் பார்த்தபோது அங்கே இரவு பதினோரு மணி. நம் ஊர்க் கணக்கில் மாலை ஏழரை. வீட்டை விட்டுக் கிளம்பி 24 மணி நேரம் 30 நிமிடம் ஆகியிருந்தது. அதில் வானத்தில் இருந்தது பத்தே கால் மணி நேரம் சொச்சம். மீதி 14 மணி நேரம் தரையில். இதே பயணம் சிங்கப்பூர் வழியாக என்றால், வீட்டு வாசலிலிருந்து கணக்கிட்டால் சுமார் 18 மணி நேரத்தில் முடிந்திருக்கும்.

இனி மிச்சம் என்று சொன்ன அந்த 18,000 ரூபாய்க்கு வருகிறேன். பெட்டிகளுக்கு இரண்டாவது நிறுவனத்தில் தனியாக 4,800 ரூபாய். பக்கத்துப் பக்கத்து இருக்கைக்கு 1,500 ரூபாய். காலைச் சாப்பாடு, மதியச் சாப்பாடு, காபி, தண்ணீர் எல்லாம் சேர்த்து 2,600 ரூபாய். ரயிலுக்கு 80 ரூபாய். மொத்தம் 8,980. மிஞ்சியது 9,020 ரூபாய். ஆளுக்கு 4,510. கூடுதலாகப் போன ஆறரை மணி நேரத்தால் வகுத்தால், ஒரு மணி நேரத்துக்கு 700 ரூபாய்கூட வரவில்லை. எழுபது வயது உடம்பை, தூங்காத ராத்திரிக்கு அடுத்த பகலில், மணிக்கு 700 ரூபாய்க்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். அதுவும் நம்மைக் கேட்காமல்.

நான் 37 வருஷம் தபால் துறையில் இருந்தவன். எனக்கு இதில் கூடுதல் எரிச்சல் வரக் காரணம் அதுதான்.

1874ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பல நாடுகள் கூடி உலகத் தபால் ஒன்றியத்தை உண்டாக்கின. இந்தியா 1876ல் சேர்ந்தது. அதன் அடிப்படை ரொம்ப எளிமையானது. அனுப்பும் ஊரில் ஒரு தபால் தலை ஒட்டினால் போதும். நடுவில் எத்தனை நாட்டு எல்லையைத் தாண்டினாலும் மறுபடி காசு கேட்கக் கூடாது. இடையில் உள்ள நாடு அந்தத் தபாலைத் தடுக்காமல் அடுத்த கைக்குக் கொடுத்தே ஆக வேண்டும். ரெஜிஸ்டர் தபால் என்றால் வாங்கும் ஒவ்வொரு கையும் கையெழுத்துப் போட வேண்டும். நடுவழியில் "இதோடு என் வேலை முடிந்தது, இனி நீயே நடந்து போ" என்று ஒரு கடிதத்தைப் பார்த்து யாரும் சொன்னதில்லை. திருச்சி தலைமைத் தபால் நிலையத்தில் நான் முத்திரை குத்தி அனுப்பிய கடிதத்துக்கு இருந்த பாதுகாப்பு, அதே ஊரிலிருந்து கிளம்பிய எனக்கும் என் மனைவிக்கும் இல்லை.

தபால் போகட்டும், மனிதர்கள் விஷயத்துக்கே வருவோம். நம் வயதுக்காரர்களுக்கு போட் மெயில் ஞாபகம் இருக்கும். 1914ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு சென்னை எழும்பூரிலிருந்து நம் திருச்சி வழியாகத் தனுஷ்கோடிக்கு ரயில். அங்கிருந்து ஸ்டீமரில் தலைமன்னார். அங்கே மறுபடி ரயில் ஏறினால் கொழும்பு. ரயில், கப்பல், ரயில், நடுவில் கடல். ஆனாலும் எழும்பூரிலேயே கொழும்பு வரை ஒரே டிக்கெட் கொடுத்தார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை அது நடந்தது. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், இரண்டு தேசத்து ரயிலையும் ஒரு கப்பலையும் ஒரு டிக்கெட்டில் இணைக்க முடிந்தது. இன்றைக்கு ஒரே நகரத்தில் உள்ள இரண்டு முனையங்களை இணைக்க முடியாது என்கிறார்கள். முடியாது என்பதில்லை, இணைத்தால் பொறுப்பு வரும். ஒரே டிக்கெட் விற்றால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிட வேண்டியது நிறுவனத்தின் வேலை. இரண்டு டிக்கெட் என்றால் அது நம் தலைவிதி. இணையதளத்தில் பொடி எழுத்தில் 'சுயமாக மாறிக்கொள்ள வேண்டும்' என்று போட்டிருப்பதன் முழு அர்த்தம் இதுதான்.

உடம்பைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். பறக்கும் விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் ஆறாயிரத்திலிருந்து எட்டாயிரம் அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். அதாவது கிட்டத்தட்டக் கொடைக்கானலில் உட்கார்ந்திருப்பதுபோல. காற்றில் ஈரமும் மிகக் குறைவு, நாக்கு வறண்டுவிடும். நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் ஏறக்குறைய இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007ல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. பயப்படுத்தவில்லை, அப்போதும் அது சுமார் ஆறாயிரம் பேரில் ஒருவருக்கு என்ற அளவுதான். ஆனால் அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. குறுகிய காலத்தில் அடுத்தடுத்துப் பல விமானங்களில் போனால் அபாயம் கூடுகிறது. மலிவு டிக்கெட் நமக்கு விற்பது சரியாக அதைத்தானே?

இதோடு சர்க்கரைக்காரர்களின் அவஸ்தை தனி. இந்திய நேரம், மலேசிய நேரம், ஜப்பானிய நேரம். காலை மாத்திரையை எந்தக் காலையில் போடுவது? இரண்டாவது விமானத்தில் சாப்பாடு காசு கொடுத்தால்தான், அதுவும் வண்டி வரும்போதுதான். வீட்டிலிருந்து கொண்டுபோன தண்ணீரைப் பாதுகாப்புச் சோதனையில் கொட்டச் சொல்வார்கள். 2006ல் வந்த கட்டுப்பாடு, நூறு மில்லிக்கு மேல் திரவம் கூடாது. மால் நாற்காலிகளில் ஒவ்வோர் இருக்கைக்கும் நடுவே இரும்புக் கை. யாரும் படுத்துவிடக் கூடாது என்பதற்காகவே வைத்த கை அது. முப்பது வயதுப் பையன்கள் தரையில் பையைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறார்கள். நாம் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும்.

எங்களுக்காவது துணைக்கு நாங்கள் இருவர். அந்த மாலில் எங்கள் பக்கத்தில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். லால்குடிப் பக்கம். சியோலில் இருக்கும் மகளுக்குப் பிரசவம் பார்க்கத் தனியாகப் போகிறார். எங்கள் தமிழைக் கேட்டதும் அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே. "அண்ணே, திருச்சிங்களா?" என்றவர், கையில் இருந்த காகிதத்தை நீட்டினார். மருமகன் ஆங்கிலத்தில் டைப் செய்து கொடுத்த காகிதம். முதலில் இதைச் செய்யுங்கள், பிறகு இங்கே போங்கள் என்று பதினாறு வரி. அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டத்தான் வரும்.

என் மனைவி ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு குடிக்காமலே வைத்திருந்தார். ஏன் என்று கேட்டபோது தயங்கித் தயங்கிச் சொன்னார்: "வேணாம்க்கா. தண்ணி குடிச்சா பாத்ரூம் வரும். பெட்டியை யாரு பாத்துக்குவா? பேத்திக்கு மருந்துச் சாமான், பிள்ளை மருந்து எல்லாம் அதுலதான் இருக்கு." ராத்திரி வீட்டில் குடித்த தண்ணீரோடு சரி. காலை எட்டு மணி வரை ஒரு வாய் தண்ணீர் இல்லை. என் மனைவி அவரைக் கையைப் பிடித்துக் கழிப்பறைக்குக் கூட்டிப் போனாள். நான் ஐந்து பெட்டிகளுக்குக் காவல் இருந்தேன்.

அந்த மகளும் மருமகனும் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் எந்த இணையதளமாவது 'இந்த டிக்கெட்டில் உங்கள் அம்மா பத்து மணி நேரம் தண்ணீர் குடிக்க மாட்டார்' என்று போட்டிருக்குமா? விலைதான் பெரிய எழுத்தில் இருக்கும். குறைந்த விலை முதல் வரியில் இருக்கும்.

சக்கர நாற்காலி கேட்பவர்களைக் கிண்டல் செய்வது இப்போது ஒரு வாடிக்கையாகிவிட்டது. நன்றாக நடக்கிறவர்கள்கூட வரிசையைத் தாண்டுவதற்காக நாற்காலி கேட்கிறார்கள் என்கிறார்கள். அப்படிச் சிலர் இருக்கலாம். ஆனால் நம்மவர்கள் ஏன் கேட்கிறார்கள் என்று யோசித்தார்களா? அறிவிப்புப் பலகை படிக்கத் தெரியாத ஒரு தாய்க்கு, அந்த நாற்காலியைத் தள்ளும் பையன்தான் வழிகாட்டி, மொழிபெயர்ப்பாளர், காவலாள் எல்லாமே. விமானத்திலிருந்து குடியேற்றம் வரை ஒரு கிலோமீட்டர் நடக்கும்படி கட்டடம் கட்டிவிட்டு, நடக்க முடியவில்லை என்பவரை ஏமாற்றுக்காரர் என்பதா?

2024 பிப்ரவரியில் மும்பையில் நடந்ததை மறக்க முடியுமா? நியூயார்க்கிலிருந்து வந்து இறங்கிய 80 வயதுப் பெரியவர். அவருக்கும் மனைவிக்கும் சேர்த்து நாற்காலி கேட்டிருந்தார்கள். வந்தது ஒன்று. மனைவியை அதில் உட்கார வைத்து, தனியாக அனுப்ப மனம் வராமல், தான் கூடவே நடந்தார். குடியேற்றப் பகுதியில் சுருண்டு விழுந்து இறந்துபோனார். விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அந்த நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. காத்திருக்கச் சொன்னோம், அவர்தான் நடந்தார் என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. மீண்டும் பாருங்கள், "காத்திருங்கள், உங்களுக்கு என்ன அவசரம்" என்பதுதான் அதன் உள்ளர்த்தம். ஐம்பது வருஷம் கூட வாழ்ந்தவளை ஒரு பையனோடு அனுப்பிவிட்டு நின்றுகொண்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள்.

இதற்கு ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. அதை நானே சொல்லிவிடுகிறேன். மலிவு விமானங்கள் இல்லாவிட்டால் நம்மைப் போன்ற பென்ஷன்காரர்கள் விமானத்தில் ஏறியே இருக்க மாட்டோம். நம் பெரியவர்கள் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலில் ஏறி, ஒரு வாரம் கழித்துப் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இறங்கினார்கள். கீழ்த்தட்டில் பாய் விரித்துப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் நாம், நாலு மணி நேரத்தில் போகிறோம். அதற்குக் காரணம் மலிவு விமானங்கள்தான். முழுக்க ஒப்புக்கொள்கிறேன். அவை நிற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

நான் சொல்வது வேறு. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு மட்டும் போகிறவருக்கு அந்த மலிவு உண்மையான மலிவு. ஏறினார், இறங்கினார், முடிந்தது. இரண்டு மலிவுகளை ஒட்டுப்போட்டு ஒரு நீண்ட பயணம் என்று விற்கும்போதுதான் ஏமாற்று ஆரம்பிக்கிறது. ஒட்டுப்போட்ட இடத்தில் யாரும் நிற்பதில்லை. ஒரு வாலிபன் அந்த இடைவெளியைத் தாண்டிக் குதித்துவிடுவான். நாம் அதில் விழுகிறோம். சில மலிவு நிறுவனங்களே தங்கள் இரண்டு விமானங்களை ஒரே டிக்கெட்டாக, பெட்டி நேரே போகும்படி விற்கின்றன. ஆகவே முடியாத காரியம் எதுவும் இதில் இல்லை.

அரசாங்கத்துக்கும் இதில் வேலை இருக்கிறது. 2023ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய வியாபாரத்தில் நடக்கும் 13 வகையான ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. முதலில் குறைந்த விலையைக் காட்டிவிட்டு, போகப் போகக் கூட்டுவதும் அதில் ஒன்று. நல்ல காரியம். பதினாலாவதாக இதையும் சேர்க்கட்டும்: இடைவழியில் பயணிக்கு யாரும் பொறுப்பில்லை என்றால், அதை விலைக்குப் பக்கத்திலேயே, விலை எவ்வளவு பெரிய எழுத்தோ அவ்வளவு பெரிய எழுத்தில், தமிழிலும் போட வேண்டும்.

நம் ஊர் விமான நிலையத்துக்கு 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துப் புது முனையம் கட்டி, 2024 ஜனவரி 2ந் தேதி பிரதமர் திறந்து வைத்தார். ஸ்ரீரங்கத்துக் கோபுரம் மாதிரி முகப்பு, உள்ளே அழகான ஓவியங்கள். பார்க்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் வயதானவரின் பயண நாளைச் சுருக்குவது கட்டடம் இல்லை, விமானமும் அது கிளம்பும் நேரமும்தான். ஆசியான் நாடுகளின் விமான நிறுவனங்கள் தாராளமாக வந்துபோகலாம் என்று 2000களின் தொடக்கத்தில் 18 ஊர்களை மத்திய அரசு திறந்துவிட்டது. அந்தப் பட்டியலில் திருச்சி இருந்தது. இங்கிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் இவ்வளவு விமானம் வருகிறதென்றால் அதற்கு அந்த முடிவும் ஒரு காரணம். மதுரைக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. ஆக, ஒரு முடிவு எடுத்தால் வழி பிறக்கிறது. சென்னையிலிருந்து தோக்கியோவுக்கு 2019 அக்டோபரில் நேரடி விமானம் விட்டார்கள், கோவிட் வந்து 2020ல் நின்றது. இத்தனை தமிழ்ப் பிள்ளைகள் கிழக்கே வேலை பார்க்கும்போது, தமிழ்நாட்டு எம்.பி.க்கள் பார்லிமென்டில் கேட்க வேண்டிய கேள்விகளில் இதுவும் ஒன்று. கட்டடத்தோடு போட்டோ எடுத்துக்கொண்டால் போதாது.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இதை உங்கள் அப்பா அம்மா உங்களிடம் சொல்ல மாட்டார்கள். பதினெட்டாயிரம் மிச்சம் என்றதும் அவர்களே சந்தோஷப்படுவார்கள். ஆயுசு முழுக்க நாலணா மிச்சம் பிடித்து உங்களைப் படிக்க வைத்தவர்கள், வேறு எப்படி இருப்பார்கள்? "பயணம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "சௌகரியமா இருந்துச்சுப்பா" என்றுதான் சொல்வார்கள். வீங்கின காலைப் புடவைக்குள் மறைத்துக்கொள்வார்கள். அந்தப் பதிலை நம்பாதீர்கள். டிக்கெட் போடும் முன்பு நீங்களே ஒரு கணக்குப் போடுங்கள். வாசலிலிருந்து வாசல் வரை எத்தனை மணி நேரம்? அதில் எத்தனை மணி நேரம் அவர்கள் யார் பொறுப்பிலும் இல்லாமல் இருப்பார்கள்? உங்கள் கம்பெனி உங்களை அனுப்பினால் இந்த டிக்கெட்டை வாங்கிக்கொள்வீர்களா?

என் வயதுக்காரர்களே, நமக்கும் வேலை இருக்கிறது. அடுத்த முறை பிள்ளை போனில் டிக்கெட் விவரம் சொல்லும்போது நாலு கேள்வி கேளுங்கள். எல்லா விமானமும் ஒரே பி.என்.ஆர். நம்பரிலா? பெட்டி கடைசி ஊர் வரை நேரே போகுமா? சக்கர நாற்காலி கடைசி வாசல் வரை உண்டா? (இதைக் கிளம்புவதற்கு 48 மணி நேரம் முன்பே சொல்லிவிட வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் கொடுக்க வேண்டியதில்லை.) இறங்கும் முனையமும் ஏறும் முனையமும் ஒன்றா? நாலில் ஒன்றுக்கு "இல்லை" என்று பதில் வந்தாலும் வேறு டிக்கெட் பார்க்கச் சொல்லுங்கள். கையில் பணம் இருந்தால் அந்த வித்தியாசத்தை நாமே கொடுத்துவிடலாம். மருந்துக்குக் கொடுப்பதைவிட டிக்கெட்டுக்குக் கொடுப்பது மேல்.

நிறுவனம் தப்பு செய்தால் சும்மா விடாதீர்கள். 2019ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். நிறுவனத்தின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் சரி, திருச்சிக்காரர் திருச்சி நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். சர்வதேசப் பயணத்தில் தாமதத்துக்கும் பெட்டி தொலைந்ததற்கும் நிறுவனத்தைப் பொறுப்பாக்கும் மான்ட்ரியல் ஒப்பந்தத்தில் இந்தியா 2009ல் சேர்ந்துவிட்டது. வழக்குப் போட இரண்டு வருஷ அவகாசம் உண்டு. போர்டிங் பாஸை எறிந்துவிடாமல் பத்திரமாக வையுங்கள். நமக்குத்தான் அவசரம் இல்லையே, கேஸ் நடத்த நேரமும் இருக்கிறது!

நேரம் நிறைய வைத்திருப்பவன் இருபது வயதுக்காரன். நாம் கைவசம் இருப்பதை எண்ணி எண்ணிச் செலவழிக்க வேண்டியவர்கள். அதில் ஒரு பகலைப் பேரனோடு கழிப்பதா, இரும்புக் கை வைத்த நாற்காலியில் கழிப்பதா என்பதை முடிவு செய்ய வேண்டியது நாம்தான், இணையதளம் இல்லை.